குற்றாலத்தில் ஓடாத குற்றாலம்

தென்காசியில் மாவட்ட எல்லை ஒத்திசைவு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, எந்தக் குறை எந்த மாவட்டத்துக் குறை என்று தெரியாமல் பொதுமக்கள் குழம்பிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அது தொடங்கப்பட்டது. மக்கள் மனுவோடு வருவார்கள். அலுவலகம் மனுவை வாங்கி, ஆழ்ந்து பரிசீலித்து, அது இந்த எல்லைக்குரியது அன்று என்று கண்டுபிடித்துச் சொல்லும். தொடங்கிய நாளிலிருந்து இந்த எல்லைக்குரியது என்று ஒரு மனுகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. அதனால் அங்கே கோப்புகள் தேங்கவில்லை. கோப்புகள் தேங்காத அலுவலகம் என்று பாராட்டி அதற்கு ஒரு கேடயமும் கொடுத்திருந்தார்கள்.

அந்த அலுவலகத்தின் கண்காணிப்பாளர் அய்யாக்குட்டி. மனுவைக் கையில் வாங்கிய மாத்திரத்தில், மடிப்பைப் பிரிக்காமலே, "இது இங்கன வராதே" என்று சொல்லக்கூடிய கைராசி அவருக்கு. வடகரையிலிருந்து முப்பிடாதியம்மாள் என்று ஒரு தென்னந்தோப்புக்காரி வந்துகொண்டிருந்தாள். அவளுடைய தோப்பு தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. தோப்பின் பழைய கோப்பு திருநெல்வேலியில் இருக்கிறது. தோப்பு இங்கே இருப்பதால் திருநெல்வேலிக்காரர்கள் அவளை இங்கே அனுப்புவார்கள். கோப்பு அங்கே இருப்பதால் அய்யாக்குட்டி அவளை அங்கே அனுப்புவார். "அப்ப நான் எந்த ஊருய்யா?" என்று அவள் ஒருநாள் கேட்டதற்கு, அந்தக் கேள்வியைத் தனி மனுவாக எழுதித் தரும்படி அவர் கேட்டுக்கொண்டார்.

இப்பேர்ப்பட்ட அய்யாக்குட்டியின் மேலகரம் வீட்டுக்கு லண்டனிலிருந்து ஒரு பார்சல் வந்தது. வந்தது அவர் பெயருக்கு அல்ல, மனைவி தங்கபுஷ்பத்தின் பெயருக்கு. கேஸ் சிலிண்டரைத் தவிர வேறு எதுவும் தங்கபுஷ்பத்தின் பெயருக்கு வந்து அவர் பார்த்ததில்லை. பிரித்தால் உள்ளே நீல நிறத்தில் ஒரு உறை, உறைக்குள் ஒரு வட்டு. உறையின் மேல் குற்றாலம் பேரருவியின் படம் இருந்தது.

"அந்தப் படம்தான். என்னைய எடுத்தாங்கன்னு அன்னைக்கே சொன்னேன்லா?" என்றாள் தங்கபுஷ்பம்.

சொன்னாள்தான். இரண்டு சீசனுக்கு முன்னால் வெளிநாட்டுக்காரர்கள் சிலர் மலையையும் அருவிகளையும் படம் எடுக்க வந்திருந்தார்கள். பேரருவிக்குக் கீழே கடைத்தெருவில் தங்கபுஷ்பம் மங்குஸ்தான் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது காமிராவை அவள் பக்கம் திருப்பினார்கள். எடுத்து முடித்ததும் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, கையெழுத்தும் விலாசமும் வாங்கிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலமே தங்கபுஷ்பம் அதைக் கணவரிடம் சொன்னாள். சீசன் காலத்தில் அலுவலகம் மதியத்துக்கு மேல் எல்லைக் கள ஆய்வுக்குக் கிளம்பிவிடும். ஆய்வு முடிந்து அசதியாகப் படுத்திருந்த அய்யாக்குட்டி "உம்" என்றார்.

அவர் கேட்காத கதையை அவள் போனில் கோவில்பட்டி நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் அய்யாக்குட்டிக்கு அக்கா. அருமையாகக் கேட்டுவிட்டு, "ஏட்டி புஷ்பம், அருவிய எடுக்க வந்தவன் உன்னைய எதுக்கு எடுக்கான்? மறைச்சிட்டு நின்னுருப்ப. ஒதுங்குன்னு கையக் காட்டியிருப்பான்" என்றாள். அதோடு விட்டாளா? போகிற கல்யாண வீட்டிலெல்லாம் இதைச் சொன்னாள். பந்தியில் உட்கார்ந்தால், "சினிமாக்காரிக்கு இன்னொரு அப்பளம் வைங்க" என்று யாராவது சொல்லுவார்கள். தங்கபுஷ்பமும் கூடவே சிரித்துவைப்பாள்.

வீட்டில் ஆல்பங்கள் நிறைய உண்டு. ஒன்றிலும் அவள் முழுசாக இருக்கமாட்டாள். போட்டோ எடுக்கும்போது எல்லாருடைய பையையும் செருப்பையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் அல்லவா, அந்த ஆள் அவள்தான். எப்போதாவது ஓரத்தில் ஒரு தோளோ, வளையல் போட்ட ஒரு கையோ விழுந்திருக்கும்.

"இந்த சீசனுக்கு உங்க அக்கா வருதா. வந்திருக்கும்போது இது நம்ம டி.வி.யில ஓடணும். அவ என்னைய முழுசா பாக்கணும். எனக்கு வேற எதும் வேண்டாம்," என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் எதையும் இப்படிக் கேட்டதில்லை. அய்யாக்குட்டிக்கு மனசு இளகிவிட்டது. உடனே எழுந்து, டி.வி.க்குக் கீழே தூசி படிந்து கிடந்த பழைய டி.வி.டி. பெட்டியில் வட்டைப் போட்டார். பெட்டி அதை உள்ளே இழுத்து, கொஞ்ச நேரம் முனகிவிட்டு, வெளியே தள்ளிவிட்டது. உறையை மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்த பிறகுதான், இது ப்ளூ-ரே என்னும் உயர்தெளிவு வட்டு, இதற்கென்று தனி பிளேயர் வேண்டும் என்று தெரிந்தது.

தென்காசியில் முதல் கடையில் ஏறி, "ப்ளூ-ரே பிளேயர் இருக்கா?" என்று கேட்டார். கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, உங்க வயசுக்குக் கேக்கக் கூடாததக் கேக்கிய. அதெல்லாம் இப்ப செல்லுலயே வருதே."

"அந்த ப்ளூ இல்லவே. இது ப்ளூ-ரே. அருவிப் படம் பாக்கதுக்கு."

"எல்லாரும் மொதல்ல அருவின்னுதான் சொல்லுதாங்க."

அடுத்த கடையில் பெயரை மாற்றி, டிஸ்க் போடுகிற பிளேயர் என்று கேட்டார். "டிஸ்க்கா? எதுத்த மாடில எலும்பு டாக்டர் இருக்காரு, இன்னைக்கு பாக்க நாள்தான்" என்று கை காட்டினார்கள். வட்டு, தட்டு, குறுந்தகடு என்று அவருக்குத் தெரிந்த அத்தனை பெயரையும் சொல்லிப் பார்த்தார். ஊரில் எல்லாரும் படத்தைக் காற்றிலிருந்து பிடித்துப் பார்க்கிறார்களே தவிர, பெட்டியில் போட்டுப் பார்க்கிற ஆள் தாம் ஒருவர்தான் என்பது மெல்ல மெல்ல அவருக்கு உறைத்தது. ஊர் மொத்தமும் விட்டுத் தள்ளிய நாகரிகத்தை வாங்கக் கிளம்பியவர் என்ற தனிச்சிறப்பு அவரைச் சேர்ந்தது.

தனியாக முடிவெடுப்பது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். ஆகவே அலுவலகத்தில் பேச்சை எடுத்தார். தனி அலுவலர் பாண்டிராஜ், இவருக்கு மேலதிகாரி, "பொழுதுபோக்குச் சாதனம் தெரிவு செய்தல்" என்று பொருள் குறித்து ஆலோசனைக் கூட்டமே கூட்டிவிட்டார். கதவு சாத்தப்பட்டது. வெளியே மனுவோடு வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முப்பிடாதியம்மாளும் இருந்தாள். உள்ளே என்ன கூட்டம் என்று அவள் வாட்ச்மேனைக் கேட்டாள். "உயர்தெளிவு பத்தி" என்றார் வாட்ச்மேன். நல்ல காலம் பிறந்துவிட்டது என்று அவள் கும்பிட்டுக்கொண்டாள்.

கூட்டத்தில் அதிகம் பேசியவர் உதவியாளர் முத்துகுமரன். நாகரிகங்கள் அவருக்கு அத்துப்படி. தாம் வைத்திருக்கிற செல்லை வடைக்கடைக்காரர் வாங்கிவிட்டால் மறுநாளே வேறு செல்லுக்கு மாறிவிடுவார்.

"சார், மொதல்ல பாக்க வேண்டியது கறுப்பு. படத்துல கறுப்பு நல்ல கறுப்பா தெரியணும்."

"கறுப்பு கறுப்பாத்தானலே தெரியும்?" என்றார் அய்யாக்குட்டி.

"எங்க சார்? நம்ம டி.வி.ல நம்ம பாக்கது கறுப்பே இல்ல, சாம்பல். இத்தன வருசமா சாம்பலத்தான் கறுப்புன்னு நம்பிட்டு இருந்திருக்கோம்."

பாண்டிராஜ் குனிந்து தம் ஷூவைக் கவலையோடு பார்த்தார்.

"பெறவு சத்தம். படத்துல மழ பெஞ்சா நம்ம தலைக்கு மேலயே பெய்யுத மாதிரி இருக்கணும்."

"எங்க வீட்டுல தலைக்கு மேலயேதான் பெய்யுது. சாரலுக்கு மாடி ஒழுகுது," என்றார் அய்யாக்குட்டி.

"அப்ப அந்தச் செலவு மிச்சம்," என்று பாண்டிராஜ் தீர்ப்புச் சொன்னார். படம் தெளிவாகத் தெரியக்கூடிய சாதனம் ஒன்றை, கிடைக்கிற இடத்தில் வாங்குவது என்று கூட்டம் ஒருமனதாக முடிவு செய்தது. பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப்பேர் அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்கள். முப்பிடாதியம்மாளிடம், "கூட்டத்துல உங்க விசயம் வரல" என்று அய்யாக்குட்டி உண்மையைச் சொன்னார்.

கிடைக்கிற இடம் கடையநல்லூர். அங்கே அகமது கபீர் என்பவர் கடை வைத்திருந்தார். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் சாமான் எதுவானாலும் அவரிடம் ஒரு மூலையில் இருக்கும் என்று சொன்னார்கள். அய்யாக்குட்டி விசயத்தைச் சொன்னதும் கபீர் ஏணி போட்டு ஏறி, பரணிலிருந்து இரண்டு பெட்டிகளை இறக்கினார்.

"ரெண்டும் ஒரே கம்பெனி அண்ணாச்சி. ஒண்ணு இந்தியாவுல விக்கதுக்குன்னு வந்தது. ஒண்ணு எம்மவன் யாசர் துபாய்லருந்து கொண்டாந்தது. வித்தியாசம் பின்னால உள்ள எழுத்துதான். இதுல சி, அதுல பி. ஒலகத்த எல்லை எல்லையா பிரிச்சு வச்சிருக்கான். அந்தந்த எல்லை வட்டு அந்தந்த எல்லை மெஷின்லதான் ஓடும். வட்டக் கொண்டாந்தியளா? பின்னால என்ன எழுத்துன்னு பாத்துச் சொல்லிருதேன்."

எல்லை என்ற சொல் காதில் விழுந்ததும் அய்யாக்குட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். கறுப்பு, சத்தம் என்று இத்தனை நாள் புரியாத பாஷையில் அலைக்கழிந்தவருக்கு, சொந்த ஊர் பஸ்ஸில் ஏறிவிட்ட நிம்மதி வந்தது.

"வட்டெல்லாம் வேண்டாம் பாய். எல்லை விசயத்துல எனக்கு ஒருத்தர் சொல்லித் தர வேண்டியதில்ல. படம் எங்க எடுத்தது?"

"குற்றாலம்னு நீங்கதான் சொன்னிய."

"குற்றாலம் எந்த நாட்டுல இருக்கு?"

"இந்தியாவுல."

"இந்தியாவுக்கு என்ன எழுத்து?"

"சி."

"அப்ப?"

கபீர் தலையைச் சொறிந்தார். "அது எடுத்த எடத்தப் பொறுத்தது இல்ல அண்ணாச்சி. வித்த எடத்தப் பொறுத்தது."

"நெலம் எங்க கெடக்கோ அதுதான் பாய் எல்லை. கோப்பு எங்க இருந்தா என்ன?" என்றார் அய்யாக்குட்டி.

வடகரை முப்பிடாதியம்மாள் இந்த வாக்கியத்தைக் கேட்டிருந்தால் அங்கேயே அவர் காலில் விழுந்திருப்பாள். கேட்பதற்கு அவள் அங்கே இல்லை, திருநெல்வேலிக்குப் போயிருந்தாள்.

சி எழுத்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் பஸ்ஸில் ஊர் திரும்பினார். உத்தியோக வாழ்விலேயே முதல்தடவையாக ஒன்றை இந்த எல்லைக்குரியது என்று தீர்மானித்திருக்கிறோம் என்ற பெருமிதத்தில், டிக்கெட் எடுக்கக்கூட மறந்து கண்டக்டரிடம் பேச்சு வாங்கினார்.

அதற்குள் கோவில்பட்டி நாத்தனார் வந்து இறங்கிவிட்டாள். மலையில் நல்ல மழை. அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. குளிக்க வந்து குளிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறவளைப் போல ஆபத்தான விருந்தாளி கிடையாது. காபியில் சீனி, கட்டிலில் மூட்டைப்பூச்சி, தன் மருமகளின் போன் பேச்சு என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்துவிட்டு, "எங்கட்டி உன் சினிமா?" என்று வந்து நின்றாள்.

தங்கபுஷ்பம் முகத்தைக் கழுவி, பொட்டு வைத்து, டி.வி.க்கு எதிரே உட்கார்ந்தாள். அய்யாக்குட்டி வட்டைப் போட்டார். இந்தத் தடவை பெட்டி முனகவில்லை, துப்பவில்லை. நாகரிகமான பெட்டி. திரை நீலமாகி, நடுவில் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி வந்து நின்றது.

"என்னவாம்?" என்றாள் தங்கபுஷ்பம்.

"இந்த வட்டு இந்த எல்லைக்குரியது இல்லையாம்."

வாசகத்தை அவரால் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. சுருக்கமாக இருந்தது; மேல்முறையீட்டுக்கு இடமே வைக்கவில்லை. அவர் தயாரிக்கும் பதில்களில்கூட இத்தனை கச்சிதம் இருந்ததில்லை.

"நம்ம ஊருல எடுத்த படம் நம்ம ஊருல ஓடாதா?"

"ஓடாது. வெளியூர்ல ஓடும்."

"அருவி இங்கனதான இருக்கு? நான் இங்கனதான இருக்கேன்?"

"நீ இங்கனதான் இருக்கே. ஆனா நீ இருக்க வட்டு அங்க உள்ளது."

சொன்ன பிறகு, இதே வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அவருக்குத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அவர் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறார். உள்ளூர் மாடு உள்ளூரில் விலைபோகாது என்பார்கள். உள்ளூர் அருவிக்கும் அதுதான் சட்டம் போலிருக்கிறது.

வட்டை எடுத்து வேட்டியில் துடைத்துப் போட்டார். பெட்டியை அணைத்துப் போட்டார். தட்டிப் பார்த்தார், குனிந்து காதோடு பேசாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தார். அதே நீலம், அதே வரி. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. நன்றாக இல்லை.

"நல்ல காரியம் பண்ணுனடே தம்பி," என்றாள் நாத்தனார். "படம் ஓடுனாத்தான அதுல இவ இருக்காளா இல்லையான்னு தெரியும்? பொண்டாட்டி மானத்தக் காப்பாத்திட்ட."

தங்கபுஷ்பம் வைத்த பொட்டோடு எழுந்து அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே அரைத்து வைத்திருந்த மாவை இன்னொரு தடவை அரைக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க அய்யாக்குட்டிக்குத் தம்மையே நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. கபீர் வட்டைக் கேட்டார். காட்டியிருந்தால் தீர்ந்தது. எல்லை தெரிந்த மேதாவி என்று சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

மறுநாள் வட்டையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கடையநல்லூருக்குப் போனார். கபீர் வட்டைத் திருப்பிப் பார்த்து, "பி" என்றார். வேறு எதுவும் சொல்லிக் காட்டவில்லை. துபாய்ப் பெட்டியை எடுத்து, கடையில் இருந்த டி.வி.யில் மாட்டிப் போட்டார். மலையும் மேகமும் பளிச்சென்று வந்தன.

"அப்ப குற்றாலம் துபாய் எல்லைலயா பாய் இருக்கு?" என்றார் அய்யாக்குட்டி, தோற்ற குரலில்.

"எங்க ஊரு பாதி அங்கனதான அண்ணாச்சி இருக்கு. குற்றாலம் மட்டும் இங்கன இருந்து என்ன செய்யப் போகுது?"

பெட்டியை மாற்றி வாங்கியாயிற்று; ஞாயிற்றுக்கிழமை பகலில் படம் என்று முடிவாயிற்று. தங்கபுஷ்பம் இந்தத் தடவை தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். தெரிவுக்கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் என்ற முறையில் பாண்டிராஜும், கறுப்பைப் பார்வையிட முத்துகுமரனும் வந்தார்கள். அருவியில் இன்னும் தடை நீங்காததால் அவர்களுக்கும் போக்கிடம் இல்லை. வீட்டில் பார்த்தால் அதிகாரி கொஞ்சம் இளக்கமாக இருப்பார் என்று யாரோ சொன்னதை நம்பி முப்பிடாதியம்மாள் இரண்டு தேங்காயோடு வந்திருந்தாள். நாத்தனார் நடுநாற்காலியில் உட்கார்ந்தாள். தங்கபுஷ்பம் நல்ல சேலை கட்டி, உட்காரத் தோன்றாமல், அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள்.

படம் ஓடியது. மலை, மேகம், இலையில் உருளும் சாரல் துளி. கனத்த குரலில் ஒருவர் இங்கிலீஷில் பேசிக்கொண்டே வந்தார். "பாறையப் பாருங்க சார், கறுப்ப. இதுதான் கறுப்பு," என்றார் முத்துகுமரன். பாண்டிராஜ் ஒப்புக்கொண்டார். பிறகு கடைத்தெரு வந்தது. ரம்புட்டான், நேந்திரங்காய் வற்றல், கூடை கூடையாக மங்குஸ்தான். மங்குஸ்தான் கூடைக்குப் பின்னால், திரை நிறைய, தங்கபுஷ்பம். ஒரு பழத்தைக் கையில் வைத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டே கடைக்காரரை என்னவோ கேட்டாள். அவர் என்னவோ சொன்னார். அவள் தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

பழைய டி.வி.டி.யாக இருந்தால், பின்னால் தூரத்தில் உள்ளதெல்லாம் சாம்பல் கறையாகப் போயிருக்கும். இது உயர்தெளிவு. தங்கபுஷ்பத்தின் தோளுக்குப் பின்னால், இரண்டு கடைகளுக்கு நடுவிலிருந்த சந்து வழியாக, பேரருவி ஒரு சொட்டு விடாமல் தெரிந்தது.

அருவிக்குக் கீழே கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி வாயைத் திறந்து, பாண்டிராஜ் நின்றிருந்தார். இந்தப் பக்கம் கல்லில் முத்துகுமரன் குப்புறக் கிடக்க, ஒருவர் அவர் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். முத்துகுமரன் கழுத்தில் அலுவலக அடையாள அட்டை அப்படியே இருந்தது. இருவருக்கும் நடுவில், ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, வயிற்றை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு, வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர் அய்யாக்குட்டி.

இங்கிலீஷ் குரல் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"ஏலே அய்யாக்குட்டி, அது நீயில்லா?" என்றாள் நாத்தனார். "இவ்வளவு தொப்பையாலே உனக்கு? சட்டைக்குள்ள தெரியலையே."

முப்பிடாதியம்மாள் தேங்காயைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போனாள். "அய்யா, இது அன்னைக்கு உள்ளதுல்லா? நான் வந்தப்ப ஆபீசு பூட்டிக் கெடந்துச்சு. எல்லைய ஆய்வு பண்ணப் போயிருக்காங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு."

"ஆய்வுதானம்மா பண்ணிட்டு இருக்கோம்," என்றார் பாண்டிராஜ். "மாவட்டத்துக்கு மேற்கு எல்லை அந்த மலைதான்."

"கண்ண மூடிக்கிட்டா?"

"அவன் என்ன சொல்லுதான்னு கேளுங்க," என்று முத்துகுமரன் நடுவில் புகுந்தார். "தங்கள் பாவங்களக் கழுவதுக்கு வெகுதூரத்துலருந்து வந்திருக்க பக்தர்கள்னு நம்மளத்தான் சொல்லுதான்."

"பாத்தியளா? வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியுது," என்றார் பாண்டிராஜ்.

முப்பிடாதியம்மாள் அதற்குள் வேறு எதையோ கண்டுவிட்டாள். "அந்தா, பொம்பளைய பக்கம், மஞ்ச சேல. அது நானில்லா. ஆபீசும் இல்லை, வந்தது வந்தாச்சு, குளிச்சிட்டாவது போவோம்னு வந்தேன்." பெருமூச்சு விட்டாள். "நீங்க எல்லாரும் அங்கனதான் இருந்தியன்னு தெரிஞ்சிருந்தா மனுவ அங்கனயே குடுத்திருப்பேனே."

"நனைஞ்ச மனு செல்லாதும்மா," என்றார் பாண்டிராஜ். பழக்கதோஷம்.

பிறகு அவர் எழுந்து நின்றார். முதலில் வாங்கிய சி பெட்டி என்ன சொன்னது என்று அய்யாக்குட்டியிடம் கேட்டறிந்தார். வட்டு இந்த எல்லைக்குரியது அன்று என்று சொன்னதாகக் கேட்டதும், தலையை மெதுவாக ஆட்டினார். "சரியாத்தான் சொல்லியிருக்கு. பாக்காமலே கண்டுபிடிச்சிருக்கு பாருங்க. அந்த மாதிரி ஒரு ஆள் நம்ம ஆபீசுல இல்ல." இந்தப் படம் இந்த மாவட்டத்தில் ஓடுவதற்கு உகந்தது அல்ல என்று எல்லார் முன்னிலையிலும் அறிவித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முத்துகுமரன் பின்னாலேயே போனார். தெருக்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் சிரித்தார்கள். நாத்தனார் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். "ஒரு தொப்பை, யம்மா, என்னத்தச் சொல்ல" என்று படியிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. முப்பிடாதியம்மாள் தேங்காயை வைத்துவிட்டுப் போவதா எடுத்துக்கொண்டு போவதா என்று யோசித்து, எடுத்துக்கொண்டு போனாள்.

தங்கபுஷ்பம் வந்து டீ கிளாஸ்களை எடுத்தாள். எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"நான் வந்தத யாராவது பாத்தாங்களா?"

அய்யாக்குட்டி யோசித்தார். அக்கா பார்த்தது தம்பியின் தொப்பையை. பாண்டிராஜ் பாண்டிராஜைப் பார்த்தார். முத்துகுமரன் தம் முதுகைப் பார்த்தார், முப்பிடாதியம்மாள் தன் மஞ்சள் சேலையைப் பார்த்தாள். தெருக்காரர்கள் இவர்கள் எல்லாரையும் பார்த்தார்கள். லண்டன்காரர்கள் கடல் தாண்டி வந்து திரை நிறைய எடுத்து வைத்தவளை இந்த வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை.

"திரும்பப் போடுங்க," என்றாள். "ஒருத்தரும் வேண்டாம். நீங்க மட்டும் பாருங்க."

போட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இந்தத் தடவை அவளைத்தான் பார்ப்பது என்ற உறுதியோடு உட்கார்ந்தார். அவள் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரம்புட்டான் வந்தது, நேந்திரங்காய் வற்றல் வந்தது. அவள் வந்தாள். அவர் உண்மையாகவே முயன்றார். ஆனால் கண், சொன்ன பேச்சைக் கேட்காமல் சந்துக்குள் போய்விட்டது. கையில் இருந்தது ஒரு பஜ்ஜியா இரண்டா, அடையாள அட்டையில் பெயர் படிக்கத் தெரிகிறதா, வயிறு அக்கா சொன்ன அளவுக்கா இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே அருவி போய் வேறு ஏதோ பறவை வந்துவிட்டது.

"பாத்தியளா?"

"பாத்தேன்."

"முப்பிடாதியம்மா மஞ்ச சேல. நான் என்ன கலரு சேல கட்டியிருந்தேன்?"

அய்யாக்குட்டி வாயைத் திறந்தார். தெரியாது என்ற சொல் அந்த வாய்க்கு என்றைக்குமே வந்ததில்லை. மனைவியை நேருக்கு நேர் பார்த்து, முகம் மாறாமல் சொன்னார்:

"நாளைக்கு வாங்க."